மூன்று இஞ்ச் பாக்கி

மட்டாஞ்சேரி,
9-7-1984

மரியாதைக்குரிய மைத்துனர் சங்கிலிப்பாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை சீனியம்மாளின் கணவன் ரங்கசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. ஷார்ஜாவில் தங்கள் உடல்நிலையும் மெஷின் கடை உத்தியோகமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுதினால் பொய்யாகிவிடும், எழுதாமல் விட்டால் மரியாதைக் குறைவு. ஆகவே யாவரும் பாதி சுகம் என்று வைத்துக்கொள்ளவும். மீதிப் பாதியைக் கீழே விவரமாக எழுதுகிறேன், உட்கார்ந்து படிக்கவும்.

தாங்கள் அனுப்பிய, மரம் அறுக்கும் செயின் வாள் வந்து சேர்ந்தது. மரம் விழவில்லை. தங்கள் தகப்பனாராகிய மாமாவும் இருக்கிறார். இந்த மூன்று செய்தியில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. மே மாதம் டாக்டர் மாமாவுக்கு ஒரு மாதம் கெடு சொன்னதும், அன்றைக்கே மாமா என்னைக் கூப்பிட்டுப் பின்பக்கத்து மாமரத்தைக் காட்டியதும் முன்பே எழுதியிருந்தேன். இந்த மலையாளத்து ஊரில் ஒருவர் காலமானால் அவர் வீட்டு மாமரத்தை வெட்டித்தான் சிதை அடுக்குவார்கள். நாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், நமக்கு வரட்டி போதாதா என்று சீனியம்மாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். ஐம்பது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன் இந்த ஊர் மரத்தில்தான் வேகுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. மழைக்காலத்தில் வெட்டின பச்சை மாமரம் எரியாது, புகையும், வந்தவன் எல்லாம் கண்ணைக் கசக்குவான், அழுகிறானா புகையா என்று எனக்கே தெரியாமல் போய்விடும், ஆகையால் நான் இருக்கும்போதே வெட்டி, மூன்றடித் துண்டாகப் போட்டு, சாய்ப்புக் கொட்டகையில் அடுக்கிக் காய வைக்கணும் என்றார். தன் விறகு காய்வதைத் தானே மேற்பார்வை பார்ப்பேன் என்கிற மனிதரிடம் என்ன பேசுவது.

அப்போதுதான் தங்கள் கடிதம் வந்தது. செயின் ஓடுகிற இரும்புப் பட்டை (தாங்கள் 'பார்' என்று எழுதியிருந்தீர்கள், இங்கே பிளேடு என்கிறோம்) பன்னிரண்டு, பதினாறு, இருபது, இருபத்து நாலு, இருபத்தெட்டு என்று பல நீளத்தில் கிடைக்கும், கிளைக்கும் சிறு விறகுக்கும் சின்னது போதும், அடிமரம் என்றால் மரத்தின் கனத்தைவிட ஓரிரண்டு இஞ்ச் கூடுதலாக வேண்டும், அதற்காக ரொம்ப நீளமாக எடுத்தால் மோட்டார் இழுக்காமல் திணறும், ஆகவே சரியாக அளந்து எழுதவும் என்று கேட்டிருந்தீர்கள். நான் நகராட்சியில் குழாய் திறந்து மூடுகிறவன். இருபத்தாறு வருஷமாக எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மாமாவோ கல்வத்தியில் மரக்கடையில் நாற்பது வருஷம் தடி அளந்தவர். அவரைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் வைத்தோம். நான் கயிற்றைச் சுற்றிப் பிடித்தேன். எழுபத்திரண்டு இஞ்ச் வந்தது. மரக்கடை வழக்கப்படி சுற்றளவை நாலாக வகுத்துக் கால் சுற்று பதினெட்டு என்றார். தாங்கள் சொன்ன இரண்டு இஞ்சைக் கூட்டி இருபது எழுது என்றார். எழுதினேன். என் தலையெழுத்தையும் அதே தாளில் எழுதிவிட்டேன் என்று அப்போது தெரியவில்லை.

அங்கே தங்களோடு வேலை பார்க்கும் நம் தெரு வெங்கிட்டு லீவில் வந்தபோது தங்கள் வாளைப் பம்பாய் வழியாக மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோலச் சுமந்து வந்தான். சுங்கத்தில் இது எதற்கு என்று கேட்டார்களாம். ஒரு பெரியவர் சாகப்போகிறார், அவருக்கு என்று இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அரை நாள் உட்கார வைத்துவிட்டார்கள். அறுக்கும் வேலைக்கு ஓட்டல் அடுப்புக்கு விறகு அறுக்கிற சுப்புராஜைப் பிடித்தேன். கைவாள்தான் பழக்கம், ஆனால் மெஷின் என்றால் மெஷினே அறுத்துக்கொள்ளும் என்று அவன் நம்பினான், நானும் நம்பினேன். செயினுக்கு விட வேண்டிய எண்ணெய் இங்கே கிடைக்கவில்லை. சுப்புராஜ் தேங்காய் எண்ணெயை ஊற்றினான். வாள் ஓட ஆரம்பித்ததும் தெரு முழுக்க ஏத்தங்காய்ச் சிப்ஸ் வறுத்த வாசனை.

நடந்த முதல் கூத்து இதுதான். மாமரம் வெட்டுகிற சத்தம் கேட்டால் இந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். கால் மணி நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. சாயாக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். ஜூ டவுன் மிளகுக் கிடங்கிலிருந்து ஏழெட்டுப் பேர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த வீட்டு ஓமனா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, சீனியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போழா மரிச்சது?" என்று கேட்டார். மாமா உள்ளேயிருந்து, "இன்னும் இல்ல, இருங்க, சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்றார். வந்த நாற்பது பேருக்கும் சாயா போட்டோம். எல்லோரும் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டு, வராதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் சொன்னார். தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டியது என் கடமை.

இரண்டாவது கூத்து மத்தியானம் நடந்தது. பிளேடு முழுவதும் மரத்துக்குள் போய்விட்டது, மோட்டார் மரப்பட்டையில் போய் முட்டுகிறது, மரம் விழவில்லை. மறுபக்கம் போய் அறுக்கலாம் என்றால் அந்தப் பக்கம் ஓமனா டீச்சர் வீட்டுச் சுவர். நடுவே ஒரு கை நுழையும், ஆள் நுழைய முடியாது, கைவாளுக்கும் கோடாலிக்கும் இடமே கிடையாது. நாங்கள் முழித்துக்கொண்டு நிற்கும்போதே மரம் ஒரு முனகல் முனகி இந்தப் பக்கமாக அமர்ந்து பிளேடைக் கவ்விக்கொண்டது. இழுத்தோம், ஆட்டினோம், சுப்புராஜ் தாயாரை எல்லாம் கூப்பிட்டான். வரவில்லை. கடைசியில் நட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் காப்பாற்றி உள்ளே கொண்டுவந்து பாலிதீனில் சுற்றி வைத்தோம். பிளேடு மரத்திலேயே இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் காகம் உட்காருகிறது.

சாயங்காலம் ஓமனா டீச்சர் சாக்கட்டியோடு வந்து விளக்கினார். அவர் கணக்கு டீச்சர் என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம், நான் இனி மறக்க மாட்டேன். சுற்றளவை நாலால் வகுப்பது மரவிலைக்கு. குறுக்கே எத்தனை இஞ்ச் என்று தெரிய மூன்றே சொச்சத்தால் வகுக்க வேண்டுமாம். வகுத்தால் இருபத்து மூன்று. நம் பிளேடு இருபது. மூன்று இஞ்ச் பாக்கி. மச்சான், ஒரு முழு மரமும் ஒரு முழு மனிதரும் இப்போது அந்த மூன்று இஞ்சில்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இருபது நாளாக இதே நிலை. விழுந்தால் டீச்சர் அடுக்களை மேலா, மாமா படுத்திருக்கும் அறை மேலா என்று தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறது. சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வேறொருத்தன் பாதி அறுத்ததில் நாங்கள் கை வைக்க மாட்டோம் என்று பீடியைக் கூட முடிக்காமல் போய்விட்டார்கள். வெங்கிட்டு படகுத்துறையிலிருந்து பழைய வடம் ஒன்று கொண்டுவந்து மரத்தைத் தென்னையோடு கட்டியிருக்கிறான். டீச்சர் வீட்டில் இப்போது முன்னறையில் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் பிளேடு மரத்துக்குள் 'கிரீச்' என்கிறது, சீனியம்மாள் அடுப்படியில் அப்படியே நின்றுவிடுகிறாள். மாமாவை வேறு அறைக்கு மாற்றலாம் என்றால் அவர் சம்மதிக்கவில்லை. ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். போன வாரம் கஞ்சியும் இறங்காமல் கண் சொருகிவிட்டது. டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் மாமா எழுந்து உட்கார்ந்து, "அது விழாம நான் எங்கயும் போறதா இல்ல" என்றார். டாக்டரிடம் சொன்னேன். மருந்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

தவறு முழுவதும் என்னுடையது. அளவு எழுதியது என் கை. ஒரு வார்த்தை டீச்சரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தங்களுக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தங்களால் வர முடியாமல் போனாலும் கம்பளி வந்தது, கடிகாரம் வந்தது, டேப் ரிக்கார்டர் வந்தது, வாளும் வந்தது. மாமா அதையெல்லாம் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம். ஆகவே தங்களை வரச்சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வாளுக்குப் பொருந்துகிற இருபத்து நாலு இஞ்ச் பிளேடு ஒன்று, அதற்கு ஏற்ற செயின் ஒன்று, அது கிடைக்காவிட்டால் இருபத்தெட்டு, மோட்டார் இழுக்குமா என்று தாங்களே பார்த்து, வருகிறவர் யார் கையிலாவது உடனே கொடுத்தனுப்பவும். மாமா நிம்மதியாகப் போக வேண்டும். டீச்சர் அடுக்களையில் சமைக்க வேண்டும். நான் ஒரு நாளாவது மேலே பார்க்காமல் பல் துலக்க வேண்டும்.

சீனியம்மாள் அண்ணனை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள். ஓமனா டீச்சர், சுப்புராஜ், வெங்கிட்டு மூவரும் தங்கள் நலத்தை விசாரித்தார்கள். தெய்வம் தங்களுக்கு நீண்ட ஆயுளும், எங்களுக்குக் காற்றில்லாத நாட்களும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ரங்கசாமி

பின்குறிப்பு: பிளேடு அனுப்ப வேண்டாம். இருபத்து நாலும் வேண்டாம், இருபத்தெட்டும் வேண்டாம்.

தங்களுக்குப் போகிற கடிதத்தை மாமா காதில் படித்துக் காட்டாமல் ஒட்டக்கூடாது என்பது வீட்டு வழக்கம். படித்தேன். மூன்றே சொச்சம் என்ற இடத்தில் மாமா சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தார், அதனால் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் பேசினார்.

"நாப்பது வருசம் மரம் அளந்தவன் நான், மாப்ள. கால் சுத்து வெல பேசத்தான். குறுக்கு எவ்வளவுன்னு வாசல்ல நின்னே சொல்லுவேன். இது இருவத்திமூணு."

பிறகு ஏன் இருபது என்று எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், மன்னிக்கவும்.

"சரியான நீளம் சொன்னா அனுப்பி வச்சிருவான். தப்பாச் சொன்னா, என்னதான் நடக்குன்னு பாக்கவாவது வருவான்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேற்கே மழை இருட்டுகிறது. வடம் இரண்டு இடத்தில் பிரிந்திருக்கிறது. மரம் முந்துமா, மாமா முந்துவாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மச்சான், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.