நீலக் கோட்டுத் தாத்தா

பச்சையப்பனை அவருடைய சொந்த வீட்டில் யாராவது பயமுறுத்த முடியுமா? முடியும். அவர் மனைவி தனக்கொடியால் முடியும். வேறு யாரும் அந்த வேலைக்கு முயற்சி பண்ண வேண்டிய அவசியமே வந்ததில்லை.

மற்றபடி மனிதர் சொக்கத் தங்கம். பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிறவர். வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது. பாண்டியில் பிறந்து வளர்ந்தும் பாட்டிலைத் தொட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். படம் வாங்குவார். சாமி படம் இல்லை, கையால் வரைந்து சட்டம் கட்டின படம்.

எப்படித் தொற்றியது என்றால், ஒருநாள் மோட்டாருக்கு பெல்ட் வாங்கப் பாண்டிக்குப் போனவர் மழைக்கு ஒதுங்கினார். ஒதுங்கின இடம் ஓவியக் கண்காட்சி. உள்ளே ஓர் எருமை குட்டையில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது. தினம் பார்க்கிற எருமைதான். ஆனால் அதன் முதுகில் விழுந்த சாயங்கால வெயிலை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. 'அடடா, இத்தனை நாளா இன்னாத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மழை விட்ட பிறகும் மனிதர் அங்கேயே நின்றார். வீட்டுக்கு பெல்ட் வரவில்லை. எருமை வந்தது.

அதன் பின்னால் ஒரு தென்னந்தோப்பு வந்தது. படகுகள் வந்தன. கடைசியாக, இன்னதென்று யாராலும் சொல்ல முடியாத ஒன்று வந்தது. அதோடு தனக்கொடியின் பொறுமையும் போனது.

"இன்னாங்க இது?"

"மாடர்ன் ஆர்ட்டு. பாக்கப் பாக்கத்தான் புரியும்."

"எம்மா நேரம் பாக்கணும்?"

"அது அவங்கவங்க கண்ணப் பொறுத்தது தனம். எனக்குன்னு ஒரு கண்ணு இருக்குது. எல்லாருக்கும் அது அமையாது."

"எனக்கு ரெண்டு கண்ணு இருக்குது. ரெண்டுலயும் முட்டைக்கோசுதான் தெரியுது."

"அது மேகம்டி!"

"மேகமோ கோசோ, இதான் கடைசி. இன்னொரு படம் இந்த வாசப்படி ஏறுச்சி, இதுவரிக்கும் வாங்கினது எல்லாத்தையும் பழைய பேப்பர்காரன் வண்டியில ஏத்திடுவேன். சொல்லிட்டேன்."

தனக்கொடி சொன்னால் செய்வாள். பச்சையப்பன் அன்றைக்கே படங்களையெல்லாம் காலி உரச்சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினார். அவள் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்து ஏணி போட்டு ஏறி, எருமையைக் கண்குளிரப் பார்த்துவிட்டு இறங்குவார். சொந்தப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

கொஞ்ச நாள் கட்டுப்பாடாகத்தான் இருந்தார். அப்புறம் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் கண்காட்சி போட்டார்கள். 'சும்மா பார்த்துவிட்டு வரலாம்' என்று போனார். சும்மா பார்த்துவிட்டு வந்த ஆண்பிள்ளை உண்டா?

நுழைந்த உடனே, வாசலுக்கு நேராக, ஒரு கிழவர். கடல் காற்றில் காய்ந்த முகம், முறுக்கின மீசை, யாரையோ தேடுகிற மாதிரி சுருங்கின கண். உடம்பில் ஒரு நீலக் கோட்டு. ஆகா, அந்த நீலம்! பித்தளைப் பொத்தான்கள் மினுமினுத்தன. வயிற்றுக்கு நேரே ஒரு பொத்தான் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு நூல் தொங்கியது. அந்த ஒற்றை நூலை வரைந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

"நீ வரைஞ்சதாம்மா?"

"ஆமா சார். என் பேரு சரண்யா" என்றாள் படத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண். அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அவர் யோசிக்கவில்லை.

வாங்கிவிட்டார். பைக்கில் கட்டிக்கொண்டு அரியாங்குப்பம் தாண்டின பிறகுதான் தனக்கொடி ஞாபகம் வந்தது. பரணில் இருக்கிற எருமை, தோப்பு, படகு எல்லாம் பேப்பர்காரன் வண்டியில் வரிசையாக ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. தவளக்குப்பம் ஜங்ஷனில் வண்டியை ஓரங்கட்டி, சட்டக்கடை அமீர் ஹம்சாவிடம் போய் விழுந்தார்.

"பாய், என்னக் காப்பாத்து. இத்த வூட்டுக்குள்ள கொண்டும் போவணும், நான் உயிரோடயும் இருக்கணும்."

அமீர் ஹம்சா சுற்று வட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் சட்டம் போட்டுக் கொடுத்த மனிதர். படத்தைப் பார்த்தார். பச்சையப்பனைப் பார்த்தார்.

"பச்ச, பொம்பளைங்க தூக்கிப் போட முடியாத படம் உங்க வூடுங்கள்ல ரெண்டே வகைதான். ஒண்ணு சாமி படம். இன்னொண்ணு செத்தவங்க படம். இது சாமி மாரித் தெரியல."

"பாய்!" பச்சையப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அப்பிடியே ஒரு கண்ணாடியும் போட்டுக் குடு."

"ஆயில் பெயின்ட்டுக்குக் கண்ணாடி வாணாம்பா. அப்பிடியே மாட்டு, அதான் அழகு."

கண்ணாடி போட்டிருக்கலாம். பின்னால் எத்தனை முறை அப்படி நினைத்து ஏங்கினாரோ!

வீட்டில் தனக்கொடி முறத்தோடு எதிரே வந்தாள்.

"இன்னாங்க அது?"

"தனம், மனசத் திடப்படுத்திக்க. எங்க தாத்தா கெடைச்சிட்டாரு."

"உங்க தாத்தா செத்து எம்மா வருசம் ஆவுது!"

"அவரு இல்ல. அவரோட அண்ணன். பெரிய தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, சேந்து வியட்நாமு சைகோனுக்குக் கப்பல் ஏறினவரு. திரும்பியே வரல. பாண்டியில ஒரு பழைய வூட்ட இடிக்கறாங்கோ. அங்க கெடந்துச்சி. மூஞ்சப் பாரு, எங்க அப்பன அப்பிடியே உரிச்சி வச்சிருக்குது."

தனக்கொடி படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமாங்க. மூக்கு உங்களுதுதான்."

பச்சையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் கொஞ்சம் திமிரோடு வந்தது. கூடத்தில் நல்ல வெளிச்சம் படுகிற ஆணி ஒன்றே ஒன்றுதான். அதில் அவர்கள் கல்யாண ஃபோட்டோ தொங்கியது. அதைக் கழற்றிப் பரணுக்கு அனுப்பிவிட்டுத் தாத்தாவை மாட்டினார். தனக்கொடி வாயே திறக்கவில்லை. மனிதர் உஷாராகியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆகவில்லை.

அப்புறம் பச்சையப்பனைப் பிடிக்க முடியுமா? வருகிறவன் போகிறவனையெல்லாம் கூட்டிவந்து நிறுத்தினார்.

"கோட்டப் பாத்தியா? பிரெஞ்சு ராணுவத் தையல். இந்தப் பக்கம் எந்தக் கொம்பனும் தைக்க முடியாது. இந்த எடத்துல பொத்தான் இல்ல பாரு. தோட்டா! தோட்டா வந்து பொத்தானத் தூக்கினு போயிடுச்சி. நூலிழையில தப்பிச்சாரு எங்க தாத்தா."

எதிர்வீட்டு பவுனம்மாள் உச்சுக் கொட்டினாள். டீ கொண்டுவந்த தனக்கொடியும் உச்சுக் கொட்டினாள். கொட்டிவிட்டுக் கேட்டாள்.

"அப்போ அவருக்கு இதுவரிக்கும் படையலே போடலியா?"

"படையலா?"

"செத்த தேதி தெரியாதவங்களுக்கு அமாவாசையில போடணும். வர்ற ஆடி அமாவாசைக்குப் போட்டுடலாம். அவருக்கு இன்னாங்க புடிக்கும்?"

பச்சையப்பன் ஒரு விநாடி திகைத்தார். மறு விநாடி அவருக்குள் இருந்த சாப்பாட்டு ராமன் விழித்துக்கொண்டான். "மசால் வடை. சேமியாப் பாயாசம். கருணைக்கெழங்கு வறுவல். அப்பளம் பெரிசா இருக்கணும்."

"சைகோன்ல போயி இதெல்லாம் இல்லாம இன்னா பாடு பட்டாரோ, பாவம்" என்றாள் தனக்கொடி.

ஆடி அமாவாசை வந்தது. காலையிலிருந்து பச்சையப்பனுக்குப் பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. பேரன் விரதம் இருக்க வேண்டாமா? அடுக்களையிலிருந்து வடை வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. தலைவாழை இலையில் எல்லாம் பரிமாறி, விளக்கு ஏற்றி, ஊதுவத்தி கொளுத்தியாயிற்று. அப்போதுதான் தனக்கொடி கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். தண்ணியாக, சொட்டச் சொட்ட.

"அது எதுக்கு?"

"தாத்தாவுக்குப் பொட்டு வைக்க வாணாமா?"

கண்ணாடி இல்லாத படம். அந்த நெற்றிச் சுருக்கத்தில்தான் சரண்யா என்னென்னவோ நிறம் கலந்து உயிரையே வைத்திருந்தாள். அதன்மேல் ஈரச் சந்தனமா?

"தனம், வாணாம். சொல்தாவுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. பிரெஞ்சு ரூலு."

"செத்த அப்பறம் இன்னா ரூலு?"

"சட்டத்துல வையி. ஓரமா வையி."

"ஊர்ல எவளாவது தாத்தாவ வுட்டுட்டு மரக்கட்டைக்குப் பொட்டு வைப்பாளா? நவுருங்க."

விரலில் சந்தனத்தோடு முக்காலியில் ஏறிவிட்டாள். அதன் பின்னால் குங்குமம் காத்திருந்தது. பச்சையப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் பரணில் இருக்கிறது அத்தனையும் போகும். சொல்லாவிட்டால் தாத்தா போவார்.

"கைய வுடுங்க. சந்தனம் காயுது."

"தனம்... வந்து... அது..."

"இன்னா, சொல்லுங்க."

"அது எங்க தா... தா..."

வாசலில் ஒரு குரல் கேட்டது. "யம்மா தனக்கொடி, எனுக்குத்தான் பொட்டுன்னா நேர்லயே வச்சிடேன். அங்க எதுக்கு ஏறினு கீற?"

பச்சையப்பன் திரும்பினார். அதே மீசை. அதே கண். நீலக் கோட்டுக்குப் பதிலாகத் தோளில் ஒரு துண்டு.

"ஐயோ!" என்று அலறியவர் அப்படியே இலைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கும்பிட விழுந்தாரா, மயங்கி விழுந்தாரா என்று இன்றைக்கும் பவுனம்மாள் வீட்டில் வாதம் நடக்கிறது.

"வாங்க பெரிய தாத்தா" என்றாள் தனக்கொடி, முக்காலியிலிருந்து இறங்கி. "சைகோன்லேர்ந்து வர இம்மா நேரமா?"

பூரணாங்குப்பத்து சாமிநாதன்தான் வந்தவர். நேற்றுவரை கடலுக்குப் போனவர். அவருடைய மருமகள் லில்லியிடம்தான் தனக்கொடி வழக்கமாகக் கருவாடு வாங்குவாள். லில்லி வீட்டு வாசலில் அவரை உட்காரவைத்துத்தான் சரண்யா படம் எழுதினாள். போகிறபோதெல்லாம் பக்கத்தில் நின்று முழுப் படமும் வளர்வதைத் தனக்கொடி பார்த்திருக்கிறாள்.

"அப்போ மொத நாளே உனக்குத் தெரியுமா?"

"மொத நாளுக்கு முந்தியே தெரியும். எனக்குத்தான் மொதல்ல புடிச்சிது அந்தப் படம். சரண்யாகிட்ட நான்தான் சொன்னேன், 'எங்க வூட்டுக்காரரு எப்பிடியும் வருவாரு, வாசலுக்கு நேரா வையி'ன்னு."

"அடிப்பாவி! புடிச்சிருந்தா நீயே வாங்கியாந்துருக்கலாமே?"

"நான் வாங்கினா நான் தோத்த மாரி ஆவும். நீங்க வாங்கினா நீங்க தோத்த மாரி ஆவும். எது நல்லா இருக்குது?"

சாமிநாதன் இதற்குள் தன் படையலில் பாதியை முடித்திருந்தார். "வட அருமைம்மா. பேரன் சாப்புடலியா?"

"பேரன் வெரதம்" என்றாள் தனக்கொடி.

பச்சையப்பனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார். "பரண்ல இருக்கிறது...?"

"போயிப் பாருங்க."

ஏணி போட்டு ஏறினார். உரச்சாக்கைக் காணோம். ஒவ்வொரு படமும் அவளுடைய பழைய நூல் புடவையில் பதமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பூச்சி உருண்டை கூடப் போட்டிருந்தாள்.

"உரச்சாக்குல உப்புக் கசியும்" என்று கீழேயிருந்து சொன்னாள். "படம் பாழாப் போவாது? நீங்கள்லாம் ஒரு ஆர்ட்டு கலெக்டரு! எறக்குங்க எல்லாத்தையும். ரேழி முழுக்க ஆணி அடிச்சிக்கலாம். கோசு மட்டும் மாட்டுக் கொட்டாயில."

பச்சையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை மாதத்துப் பாரம்! திருட்டுத்தனமாக ஏணி ஏற வேண்டாம், பேப்பர்காரன் மணிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். எருமையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். தரையைத் தொட்டதும், பசியிலும் அந்த நிம்மதியிலும் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது.

"எது எப்பிடியோ தனம், ஒண்ணு ஒத்துக்கோ. வாசலுக்கு நேரா நீ வைக்கச் சொல்லியிருக்கலாம். ஆனா அந்தக் கோட்டு, அந்த நீலம், அத்தப் பாத்து நின்னது என் கண்ணுதான். எனக்குன்னு ஒரு கண்ணு இருக்குது."

"இருக்குது, இருக்குது" என்றாள் தனக்கொடி. "பெரியவருக்குப் போட்டுக்க கோட்டு இல்லன்னு சரண்யா அலைஞ்சிது. நான்தான் நம்ம பீரோவுலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். உங்க கல்யாணக் கோட்டு."

பச்சையப்பன் படத்தைப் பார்த்தார். கல்யாண ஃபோட்டோ பரணில் கிடக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க மறுபடி ஏணி ஏற வேண்டும். தனக்கொடி உள்ளே போய்த் தையல் டப்பாவைத் திறந்து, எதையோ தேடி எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். பித்தளைப் பொத்தான்.

"தோட்டா தூக்கினு போச்சின்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அந்தப் பொத்தான். நம்ம ரிசப்ஷன்ல நீங்க ரெண்டாவது பந்தியிலயும் உக்காந்தீங்களே, அப்பத் தெறிச்சிது."