ஆண்டிச்சாமியின் புண்ணாக்குக் குட்டி

செம்மறிக் குட்டி புண்ணாக்கை மோந்து பார்த்தது. பிறகு ஆண்டிச்சாமியின் முகத்திலேயே தும்மியது.

"தின்னுடா ராசா! பழனிச் செக்குல ஆட்டுன எள்ளுப் புண்ணாக்கு. கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டு மனுசனே திங்கிறான், உனக்குக் கசக்குதா?"

ராசா திரும்பி நின்று வாலைக் காட்டியது.

குட்டி பட்டினி கிடப்பது பற்றிக்கூட ஆண்டிச்சாமிக்கு அவ்வளவு கவலை இல்லை. கவலையெல்லாம் மீசை பற்றித்தான். மன்னவனூரில் அப்படி ஒரு மீசை வேறு யாருக்கும் கிடையாது, வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மச்சான் மலைச்சாமியைத் தவிர. ஒரே ஆடு ஈன்ற இரட்டைக் குட்டிகளை இருவரும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட அன்றைக்கு வந்தது வினை.

"புண்ணாக்குப் போட்டு வளத்தா கறி வெண்ணெயா வழுக்கும் மச்சான். செக்குக்காரரே சொன்னாரு."

"விக்கிறவன் வேற என்ன மாப்ளே சொல்லுவான்? மலைப்புல்லு மேஞ்ச கறிக்கு ஈடு உண்டா?"

பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. சாமி கும்பிடு அன்று இரண்டு குட்டியையும் வெட்டிக் குழம்பு வைக்க வேண்டும். மேட்டில் புதிதாக வந்திருந்த ஆட்டுப் பண்ணையின் டாக்டர் குமாரவேல், எது யாருடைய சட்டி என்று தெரியாமலே ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும்.

"உங்க ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லையா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சோலையம்மாள். பாவம், ஆண்டிச்சாமிக்கு மனைவியும் மலைச்சாமிக்குத் தங்கையும் அவளேதான். எந்த மீசை போனாலும் அவள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குட்டி தும்மிய சத்தம் கேட்டு அவளே வந்தாள்.

"முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டே நின்னா அது எப்படித் திங்கும்? கண்ணு பட்டுரும். நான் வச்சுக்கிறேன், நீங்க வெரசா கெழங்குக் காட்டுக்குப் போங்க."

அன்றிலிருந்து புண்ணாக்குச் சட்டி துடைத்து வைத்ததுபோல் காலியானது. ஆண்டிச்சாமி மீசையை நீவிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் பாருங்கள், ராசாவின் விலா எலும்பை மட்டும் தூரத்தில் நின்றே எண்ணலாம்போல இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் குட்டியோ பஞ்சு மூட்டைபோல உருண்டு கிடந்தது.

"மச்சான், அப்படி என்னத்தைத்தான் போடுறீங்க?"

"வெறும் புல்லுதான் மாப்ளே, முருகன் சத்தியமா. எனக்கே வெளங்கலை."

ஆண்டிச்சாமி புண்ணாக்கை இரண்டு மடங்காக்கினான். ராசா அப்படியே இருந்தது. மலைச்சாமியின் குட்டிதான் படலுக்குள் நுழைய முடியாமல் சிக்கிக்கொண்டு கத்தியது.

வயிற்றில் பூச்சியாக இருக்குமோ என்று வசம்பை இடித்து ராசாவுக்குப் புகட்டினான். உடம்பில் ஒட்டியிருந்த கொஞ்சமும் கழிந்துபோனது.

கடைசியாகப் புண்ணாக்கோடு கருப்பட்டியைத் தட்டிப் போட்டுப் பிசைந்து கொடுத்தான். அடுத்த வாரமே மலைச்சாமியின் குட்டிக்குக் கழுத்து என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போயிற்று.

"உன் கையில ராசியே இல்லடி!"

"எல்லாம் என் தலையெழுத்து" என்றபடி காலிச் சட்டியைக் கழுவினாள் சோலையம்மாள்.

கும்பிடு வந்தது. மலைச்சாமி வீட்டு வாசலில் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். இடது அடுப்பு ஆண்டிச்சாமிக்கு, வலது மலைச்சாமிக்கு. ஒரே அம்மியில் அரைத்த மசாலா, ஒரே குயவர் வனைந்த சட்டி. கறி மட்டும்தான் வேறு.

வலது சட்டியில் எண்ணெய் பொன்னாக மிதந்தது. இடது சட்டியில் எலும்பு குளித்துக்கொண்டிருந்தது. ஆண்டிச்சாமியின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

அந்நேரம் பண்ணை ஜீப்பின் ஹாரன் கேட்டது. ஜீப் வந்தால் அந்த ஊரில் வீட்டுக்குள் யார் இருப்பார்கள்? அடுப்படியில் நின்றவர்கள்கூடக் கரண்டியோடு தெருவுக்கு ஓடினார்கள்.

ஆண்டிச்சாமி துண்டைச் சுற்றி இரண்டு சட்டியையும் தூக்கி, இடத்தை மாற்றி வைத்தான். இரண்டு உள்ளங்கையும் வெந்தன. அவற்றைக் கக்கத்தில் செருகிக்கொண்டே போய், "வாங்க வாங்க டாக்டரய்யா!" என்று வரவேற்றான். அடக்கமான மனிதர் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

இடது அடுப்புக் குழம்பை முதலில் வாயில் வைத்தார். மென்றார். முகம் கோணியது.

"இது புண்ணாக்குத் தின்ன ஆடாச்சே! கொழுப்பு கொழகொழன்னு நாக்குல ஒட்டுது. சிக்கு வாடை வேற அடிக்குது."

வலது அடுப்புக் குழம்பில் ஒரு துண்டை எடுத்தார். கண் தானாக மூடியது.

"ஆகா! இதுதாய்யா மலைப்புல்லு மேஞ்ச கறி! இன்னும் ரெண்டு துண்டு வைங்கம்மா."

சட்டியை மாற்றியதை ஆண்டிச்சாமி வெளியில் சொல்ல முடியுமா? புல்லைத் தின்ற ஆட்டைப் போய்ப் புண்ணாக்கு என்கிறாரே, இந்த மனுசனுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று மனதுக்குள் மட்டும் திட்டினான்.

நாவிதர் அழகுமலை கத்தியோடு தயாராக நின்றார். மலைச்சாமியே மனம் பொறுக்காமல், "பாதி மட்டும் எடுங்கப்பா" என்றான். பாதி மீசையோடு கண்ணாடி பார்த்த ஆண்டிச்சாமி, மீதியையும் எடுக்கச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் வாயைத் துண்டால் மூடியபடி மூலையில் உட்கார்ந்திருந்தான். சோலையம்மாள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, கொப்புளம் கிளம்பியிருந்த அவன் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். மெதுவாகத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, எங்க அண்ணன் மீசை போயிரக் கூடாதுன்னு புண்ணாக்கை ஒரு உருண்டை விடாம அண்ணன் குட்டிக்குத்தானே போட்டேன், நம்ம சட்டியில எப்படிங்க புண்ணாக்கு வாடை வந்துச்சு?"