அப்பிடியே அண்ணாத்தே

திருமுல்லைவாயிலில் வருஷக்கணக்காகக் கடைத்தெருவுக்கு நடந்தே போகாமல் முழுசாக ஒரு குடும்பத்தை நடத்திக் காட்டிய மனிதர் அப்பிடியே அண்ணாத்தே ஒருவர்தான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் ஒரு பழைய பியட் கார், அதன் முன்னால் சிவப்பில் 'எல்' போர்டு, பக்கத்து சீட்டில் அவர். அவ்வளவுதான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் கொழுந்தனார். மாமனார் விட்டுப்போன அம்பாசடர் எங்கள் வாசலில் நின்றது. என் கணவருக்கு ஆவடியில் ஃபாக்டரி வேலை. பெரிய பெரிய மெஷினையெல்லாம் அடக்குகிறவர், ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் கை உதறும்.

"ஓட்ட ஆளில்லாத வண்டி உங்களுக்கு எதுக்கு அண்ணி? பொங்கலுக்கு வரும்போது நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்" என்றார் கொழுந்தனார், மிச்சமிருக்கிற இட்லியைக் கேட்கிற மாதிரி.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் ஓட்டியிருந்தது தையல் மெஷின் மட்டும்.

வகுப்பு முதல் நாளே களைகட்டியது.

"கிளட்ச்ச அழுத்தும்மா. ஆங்... மெதுவா உடு. அப்பிடியே அந்த மீன் கடையாண்ட ஓரம் கட்டு."

"எதுக்குண்ணே?"

"நிறுத்திப் பழகணும்ல? அப்பிடியே நான் ரெண்டு மீன் வாங்கிக்கினு வந்துர்றேன்."

வீட்டு வேலையிலிருந்து தினம் ஒரு மணி நேரம் தப்பிக்கலாம் என்று போனவள் நான். அவர் வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டேன். ரிவர்ஸ் கற்றது ரேஷன் கடைச் சந்தில். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கக் கற்றது மண்ணெண்ணெய் கேனோடு. எங்கள் வீட்டில் ஊறவைத்த அரிசி அப்படியே கிடக்கும், நான் அவர் வீட்டுக்குக் கீரை வாங்கிக்கொண்டிருப்பேன்.

கடைசி நிறுத்தம் எப்போதும் மாவு மிஷின். காரின் இருமல் கேட்டதுமே மிஷின்காரர் அரைத்த டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஜன்னல் வழியாக அண்ணாத்தேயின் மடியில் வைத்துவிடுவார். அதற்கப்புறம் வீடு வரை நான் பூப்போல ஓட்ட வேண்டும். இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று எனக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது.

"டின்னு சிந்தாம ஓட்டுறது ஒரு ட்ரெயினிங்தானேண்ணே?"

"இன்னா ட்ரெயினிங்? மாவு கொட்டுச்சுன்னா எங்க ஊட்ல என்னைத் தொலைச்சிரும்மா!"

டெஸ்ட் நாள் வந்தது. முன் சீட்டில் வெள்ளைச் சட்டை இன்ஸ்பெக்டர், பின் சீட்டில் அண்ணாத்தே. இன்ஸ்பெக்டர் காட்டிய ரோடு, என் கெட்ட நேரம், நாங்கள் தினமும் போகிற ரோடு.

"நேராப் போங்க" என்றார். போனேன். கியர் கத்தவில்லை, வண்டி குதிக்கவில்லை. கொழுந்தனாரின் முகம் தொங்குவதை மனசுக்குள் ரசித்தபடியே போனேன். மாவு மிஷின் வந்தது. சத்தியமாக நான் நிறுத்தவில்லை, என் கால் நிறுத்தியது. கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டி, லட்சணமாக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கும் போட்டேன்.

"இங்க யாரு நிறுத்தச் சொன்னது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டு முடிக்கவில்லை. மிஷின்காரர் ஓடி வந்து, ஆளைக்கூடப் பார்க்காமல் அவர் மடியில் டின்னை வைத்துவிட்டுப் போயே விட்டார். அன்றைக்கு மாவு இல்லை. சுடச்சுட மிளகாய்த்தூள். அண்ணாத்தே காலையிலேயே அரைக்கக் கொடுத்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் தும்ம ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் அண்ணாத்தேயைக் காணோம், சீட்டுக்குக் கீழே பதுங்கியிருந்தார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதற்றத்தில் தினசரிப் பழக்கம் முந்திக்கொண்டது.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க சார். முன்னாடி பள்ளம் வருது" என்றேன்.

ஃபெயில்.

பொங்கலுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். காலையில் அண்ணாத்தே வந்தார். காரில் ஒரு பை இல்லை, ஒரு கேன் இல்லை. கடையே கண்ணில் படாத ரோடாகப் பார்த்து வேலப்பன்சாவடிப் பக்கம் கூட்டிப்போனார். அதற்கப்புறம் வகுப்பில் 'அப்பிடியே' என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை.

"உன் வாத்தியார் தலையில டின்னை வச்சுக்கிட்டு வேகு வேகுன்னு நடந்து போறாருடி" என்று கணவர் வந்து சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் நினைக்க நினைக்க ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாம் தடவையும் அதே இன்ஸ்பெக்டர். ஏறியதும் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். பாஸ்!

பொங்கலுக்கு வந்த கொழுந்தனாரை ஊருக்குத் திரும்பும்போது நானே அம்பாசடரில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் கதவுப் பிடியை விடவில்லை மனிதர். திரும்பி வரும்போது பார்த்தால், உச்சி வெயிலில், தலையில் டின்னோடு அண்ணாத்தே மிஷினுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். அந்த மிளகாய்த்தூளுக்கு அப்புறம் யாரையுமே அவர் கடைக்கு ஓட்டச் சொல்வதில்லையாம். கையை நீட்டி சிக்னல் காட்டி ஓரம் கட்டினேன்.

"ஏறுங்கண்ணே."

"வேணாம்மா. நீ உன் வேலயப் பாத்துக்கினு போ."

"நானும் மிஷின் பக்கந்தாண்ணே போறேன். அப்பிடியே விட்டுட்டுப் போறேன்."

ஏறி உட்கார்ந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை.