கேம்பர் வேனுக்கு ரிமோட் பூட்டு வைத்தது பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். தங்கள் வேனும் பெரும்பாலும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும், என் மகளும் மாப்பிள்ளையும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் தாங்கள் இடையில் பேச வாய்ப்பு உண்டு என்பதால் கடிதம், அதையும் இன்றே ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன்.

கடந்த ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, தனியாக அமர்ந்து, இரு தரப்பு வாதங்களையும் நானே சொல்லி நானே கேட்டு, தங்கள் கேம்பர் வேனுக்கு ரிமோட் பூட்டு பொருத்துவது என்று முடிவெடுத்தேன். முடிவை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமும் இட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக இருந்தவனுக்கு எழுதாத முடிவு முடிவாகவே தோன்றுவதில்லை.

தங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள் என்று, சம்பந்தியம்மா ஓட்டிவர, தாங்கள் பின்னால் நின்று கைகாட்ட, வேனை என் வாசலில் விட்டுப்போன அன்று, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வெச்சா போதும் சம்பந்தி, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொன்னீர்கள். மறக்கவில்லை. ஆனால் சம்பந்திகளுக்குள் 'வேண்டாம்' என்பதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை இனிப்பு வந்தபோதும் தாங்கள் வேண்டாம் என்றீர்கள். வைத்தோம். சாப்பிட்டீர்கள். வைக்காமல் போயிருந்தால் இன்றுவரை அதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கும். என் மகளுக்குத்தான் இந்த நுட்பம் பிடிபடவில்லை. "அப்பா, அது மாமாவோட வண்டிப்பா. பதினோரு வருஷமா அத்தையக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு பிளான் போட்டு, இப்பத்தான் சனிக்கிழமை கிளம்புறாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எதையும் தொடாதீங்க" என்று போனில் கெஞ்சினாள். தொட மாட்டேன் என்று வாக்களித்தேன். இந்த நிமிடம் வரை வாக்கைக் காப்பாற்றி வருகிறேன். தொட்டவர் எலக்ட்ரீஷியன்.

அவரை எங்கள் தெருவில் எல்லோரும் 'எர்த்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இதுவரை வீடுகளுக்கு மட்டுமே வயரிங் செய்தவர். வேனை ஒரு சுற்று சுற்றிவந்து, டயரை ஒரு தட்டுத் தட்டி, "சக்கரம் வெச்ச வீடு, அவ்வளவுதானே சார்" என்றார். அந்தக் கொள்கையிலிருந்து அவர் கடைசிவரை விலகவில்லை. படுக்கைக்கு மேல் இரண்டு விளக்கு, சமையல் மேடைக்கு ஒன்று, செல்போன் சார்ஜ் செய்ய நான்கு பாயின்ட், ஃபேனுக்கு ரெகுலேட்டர் என்று முன்னேறியவர், கதவோரமாக ஒரு காலிங் பெல்லும் வைத்துவிட்டார். வண்டிக்கு எதுக்கய்யா காலிங் பெல் என்றேன். "நீங்க பாட்டுக்கு உள்ள படுத்துக் கிடப்பீங்க, வாசல்ல ஆளு வந்தா எப்படி சார் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

அடுத்தது பூட்டு. முதல் நாள் பூட்டும் பொத்தானை அமுக்கியபோது வைப்பர் ஆடியது. "பூட்டிட்டேன்னு கையாட்டிச் சொல்லுது சார், பெரிய கம்பெனி வண்டியில எல்லாம் இப்படித்தான்" என்றார். இரண்டாம் நாள் வைப்பர் நின்றது, கதவு பூட்டியது, நாங்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வரும்போது எதிர்வீட்டுப் பல் டாக்டர் மதில்மேல் தலையை நீட்டி, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க வண்டி அரை மணி நேரமா ஒண்ணுக்குப் போயிட்டு இருக்கு" என்றார். பூட்டும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் மோட்டாரும் ஓட ஆரம்பித்திருக்கிறது, மூடாமல் விட்ட குழாய் வழியாகத் தொட்டி முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஊரார் வண்டியக் கழுவி விடறவங்களப் பாத்திருக்கேன், காலி பண்ணி விடறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் எர்த் அதையும் சரிசெய்துவிட்டார் என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். இப்போது எஞ்சின் நின்ற முப்பதாவது விநாடி எல்லாக் கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் உள்ளிருந்தாலும் வெளியிலிருந்தாலும் ரிமோட்டால் மட்டுமே திறக்கும். உள் கைப்பிடிகளைக் கழற்றி மோட்டாரோடு இணைத்தாகிவிட்டது. கதவுகளின் சாவித் துவாரங்களையும் தகடு வைத்து அடைத்துவிட்டார். "ரிமோட்டு வந்தப்புறம் ஓட்டை எதுக்கு சார்? திருடனுக்கு வழி சொல்றதுக்கா?" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்யும் சாவி மட்டும் பழையபடியே இருக்கிறது. ரிமோட் இரண்டு. ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். மற்றொன்றை மனைவியிடம் கொடுத்து, புது விளக்கெல்லாம் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார் என்றேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், டக் என்று பூட்டிக்கொண்டது. நான் என் ரிமோட்டை அமுக்கினேன், டக் என்று திறந்தது. கைப்பிடியில் கை வைப்பதற்குள் மறுபடி டக் என்று பூட்டிக்கொண்டது. திரும்ப அமுக்கினேன். டக், டக். இப்படி முப்பது நாற்பது தடவை. ஜன்னல் கொசுவலை வழியாக, "உன்கிட்ட இருக்கறதையும் அமுக்கிப் பாரும்மா!" என்று கத்தினேன். "அமுக்கிட்டுத்தாங்க இருக்கேன்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எர்த்துக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "ரெண்டு ரிமோட்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது சார், நான் இந்தத் தொழில்ல இப்படிப் பாத்ததே இல்ல" என்றபடி வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். நான் தைரியம் சொல்வதற்காக ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஃபேன் ஓடுகிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில், தனியாக யாரிடமோ பேசுவது போலவும் சிரிப்பது போலவும் கேட்டது. பயத்தில் பிதற்றுகிறார்கள் என்று வண்டிக்கு அடியிலிருந்து எர்த் அபிப்பிராயப்பட்டார். காலிங் பெல்லை அமுக்கினேன். "யாரு?" என்றாள். நான்தான் என்றேன். உள்ளே ஃபேனின் வேகம் கூடியது. நான்கு மணிக்குக் கதவு திறந்து, "பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள். அந்த நொடியில் தான் ஒரு சிவப்பு வயரைத் தொட்டதாகவும், திறந்தது அதனால்தான் என்றும் எர்த் சொல்கிறார். எந்தச் சிவப்பு வயர் என்று அவராலேயே மறுபடி கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே சம்பந்தி அவர்களே, திறந்த கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும் இந்தக் கோளாறோடு தங்களை எப்படிச் சனிக்கிழமை வழியனுப்புவேன்? பதினோரு வருடம் காத்திருந்த பயணத்தைக் கெடுத்தவனின் மகள் என்ற பேச்சோடு என் பெண் தங்கள் வீட்டில் வளைய வருவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூர்ந்து பார்த்தால் பதினோரு வருடத்தில் இன்னும் ஒரு வாரம் கூடுவது பெரிதாகத் தெரியாது. பயணத்தை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போடும்படியும், சம்பந்தியம்மாவிடம் அதைத் தாங்கள் சொந்தமாக எடுத்த முடிவு போலச் சொல்லும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்களையும், தங்களுக்கு என் மனைவியின் அனுதாபத்தையும் தெரிவிக்கிறேன். பின்னதை ஏன் எழுதச் சொன்னாள் என்று விளங்கவில்லை.

தங்கள் என்றும் மாறா அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். பூட்டில் கோளாறு ஏதும் இல்லையாம். நான் திறக்கத் திறக்க அவள்தான் உள்ளிருந்து பூட்டிக்கொண்டே இருந்தாளாம். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, யாரும் வந்து கண்ணாடி எங்க, பேனா எங்கன்னு கேக்காத ரெண்டு மணி நேரம், அது என்னமோ நல்லா இருந்துச்சுங்க" என்றாள். சிரித்துப் பேசியது சம்பந்தியம்மாவிடம். போன் அங்கேயே புது பாயின்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. ஏற்பாடும் அப்போதே ஆகிவிட்டது. இன்று வெள்ளி காலை பத்து மணி பஸ்ஸில் சம்பந்தியம்மா வந்து இறங்கினார். தாங்கள் வரைபடங்களில் எல்லாப் பெட்ரோல் பங்குகளையும் சிவப்பு மையில் குறித்துக்கொண்டிருந்ததாகவும், தொந்தரவு செய்ய மனம் வரவில்லை என்றும் சொன்னார். "அவர் லிஸ்ட்ட முடிச்சுட்டு நிதானமா வரட்டும் சம்பந்தி, நாங்க முன்னால போறோம்" என்றார். நானே மனைவியிடமிருந்து அவளுடைய ரிமோட்டை வாங்கிக் கதவைத் திறந்து, பெட்டிகளையும் தலையணைகளையும் ஏற்றிக் கொடுத்தேன். பதினொன்றரை மணிக்குச் சம்பந்தியம்மா ஸ்டீரிங்கிலும் என் மனைவி பக்கத்திலுமாகப் புறப்பட்டுப் போனார்கள். எர்த் தெருமுனை வரை ஓடிப்போய்க் கையாட்டினார்.

ரிமோட் இரண்டும் என் சட்டைப் பையில் இருக்கின்றன.