நாற்பது வீட்டு லோடு

மாலை சரியாக ஏழு மணிக்கு டிரான்ஸ்பார்மரில் 'டப்' என்றது. சென்னீர்குப்பத்து அடுக்ககத்தின் நாற்பது வீடுகளும் இருண்டன. எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே குரல்: "கிருபாகரன் சார்!"

போன மாதம்தான் சங்கச் செயலாளர் ஆகியிருந்தார். இத்தனை ஒற்றுமையாக அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

மறுநாள் மின் அலுவலகத்துக்கு ஓடினார்.

"பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதியிருக்கோம் சார். அது வர்ற வரைக்கும் எல்லாரும் ஒரே நேரத்துல ஓட்டாதீங்க. வாஷிங் மெஷின், வண்டி சார்ஜ் எல்லாம் பகல்ல வெச்சுக்குங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி.

கிருபாகரன் வாட்ஸ்அப்பில் அறிவித்தார்: இனி எல்லாம் மதியம் இரண்டு மணிக்கு.

இரண்டு மணிக்கு 'டப்'.

"ஒரே நேரத்துல வேணாம்னுதானே சொன்னாங்க? நீங்க நேரத்தை மட்டும் மாத்திட்டீங்க" என்றாள் மனைவி ரேவதி.

மாடிக்கு ஒரு நேரம் ஒதுக்கினார். மூன்றாம் மாடிக்கு விடியற்காலை விழுந்தது. கிரைண்டர்கள் கடகடக்க, இரண்டாம் மாடி மொத்தமும் தலையணையோடு மேலேறி வந்து சண்டை போட்டது.

"ஏழிலிருந்து எட்டு வரை ஏசி போடாத வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ்!" என்றார்.

எல்லோரும் வியர்த்து வழிந்தபடி காத்திருந்தார்கள். எட்டு அடித்ததும் நாற்பது ஏசியும் ஒன்றாக உறுமின. 'டப்'. நாற்பது ஸ்வீட் பாக்ஸும் கொடுக்க வேண்டியதாயிற்று.

"இந்தப் புழுக்கத்துல உட்கார்ந்து சாப்பிட முடியாது" என்று ரேவதி தோசைப் பாத்திரத்தோடு மொட்டை மாடிக்குப் போனாள். பின்னாலேயே முதல் மாடி ஜெகதாம்பாள் புளிசாதத்தோடு வந்தாள். மேலே நல்ல காற்று. சண்டை போட்ட இரண்டு மாடிகளும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்தன.

மறுநாள் மாலை மின்சாரம் இருந்தும் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு மேலே வந்தார்கள். தூக்கம் வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்க, ஏசிகளும் ஒவ்வொன்றாகவே ஓடத் தொடங்கின. அதன்பிறகு 'டப்' கேட்கவே இல்லை. கிருபாகரன் பாடவே கற்றுக்கொண்டார்.

அடுத்த மாதம், லாரியில் பளபளவென்று பெரிய டிரான்ஸ்பார்மர் வாசலில் வந்து நின்றது. கிருபாகரன் மாலையோடு ஓடினார். லைன்மேன் வேம்புலிக்குக் கேசரி கொடுத்தார்கள். அவர் தின்று முடித்து, மறுபடி லாரியில் ஏறினார்.

"இறக்கலையா?" என்றார் கிருபாகரன்.

"இது திருமழிசைக்குப் போவுது அண்ணாத்தே. உங்க லோடுதான் பாதியா கொறஞ்சிட்சே! அதான் பின்னால கீற அறுவது ஊட்டையும் உங்க பழசுலயே கோத்து வுட்டுட்டேன், சாயந்தரம் அவங்களுக்கும் மாடில பாய் போட்டு வைங்க!"