பதினெட்டு ஆகாது

ஆசாரி செய்து கொண்டுவந்த மூடி, படகின் மேல்தளத்து ஓட்டையில் வைத்த மாத்திரத்தில் தொப்பென்று உள்ளே விழுந்துவிட்டது.

சிவபாலன் குனிந்து பார்த்தார். படகின் வயிற்றுக்குள் அது சமர்த்தாகக் கிடந்தது.

"என்ன ஆசாரி இது? பதினெட்டு அங்குலம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே?"

"சொன்னீங்க சார். நான் பதினேழுல செஞ்சேன்," என்றார் தணிகாசலம், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"ஏன்?"

"மனையடி சாஸ்திரத்துல பதினெட்டு ஆவாது சார். பதினேழு ராசியான அளவு."

"அது வீட்டுக்குப்பா! அதுவும் அடிக்கணக்கு. இது அங்குலம்!"

"அங்குலமா இருந்தா கெடுதல் சின்னதா வரும். வராமயே பூடுமா?"

செவிலிமேட்டில் இந்த வீட்டைக் கட்டும்போது, அதே சாஸ்திரத்துக்காகச் சமையலறையை இடித்துக் கட்டிய புண்ணியவான்தானே சிவபாலன்!

பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது சிவபாலனின் தொழில். பாய்மரப் படகு ஓட்ட வேண்டும் என்பது ஆசை. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆசை என்றால் அப்படித்தான். கோவளத்தில் யாரோ கழித்துக்கட்டிய சின்ன மரப்படகை வாங்கி வந்து, கார் நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. மேல்தளத்து மூடியை மட்டும் கரையான் தின்றுவிட்டது. அது இல்லாமல் ஏரியில் இறக்கினால், அலை அடிக்கிற தண்ணீரெல்லாம் உள்ளேதான் போகும்.

மழை புண்ணியத்தில் தாமல் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பாசனத்துக்கு மதகைத் திறக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அடுத்த மழைக்குத்தான். இது தெரியாமல் நெசவாளர் சங்கம் முழுக்க "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்று அழைத்திருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தேதான் அழைத்திருந்தார்.

படகு வந்து இறங்கிய அன்று மனைவி அகிலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீச்சல் தெரியாத மனுஷனுக்கு இது எதுக்குங்க?"

படகு ஓட்டுவதை யூடியூபிலேயே கற்றாயிற்று என்றார் இவர். நீச்சலும் அதிலேயே கற்றாயிற்றா என்றாள் அவள். அப்புறம் என்ன நினைத்தாளோ, வாயே திறக்கவில்லை. அது மட்டுமா, அவளே போய் ஆசாரியையும் கூட்டிவந்தாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று சிவபாலன் உருகிப்போனார்.

தணிகாசலம் மூடியைச் சுற்றி ரீப்பர் சட்டம் அடித்து இருபது அங்குலம் ஆக்கினார். "இருவது ஐஸ்வர்யம் சார்." இப்போது மூடி உள்ளே விழவில்லை. ஆனால் திறந்தால் பாய்மரத்தில் போய் இடித்தது. விரற்கடை திறந்து, அதோடு நின்றுவிட்டது. உள்ளே கசிகிற தண்ணீரை எப்படி இறைப்பது?

"கீலை எதிர்ப்பக்கம் மாத்தினா ஆவாதா?"

"கதவு தெக்க பாத்துத் தொறக்கக் கூடாது சார்."

"யோவ், படகு திரும்பினா தெக்கு எங்கயா இருக்கும்?"

"அப்போ திரும்பாம ஓட்டுங்க."

கடைசியில் மூடியைத் தள்ளிப் பொருத்த ஓட்டையையும் தள்ளி வெட்டினார். வெட்டிய வேகத்தில், அடியில் மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த குறுக்குக் கட்டையும் அறுந்தது. மேல்தளம் நடுவில் தொய்ந்தது. அதற்கு முட்டுக்கொடுக்க உள்ளே ஒரு தூண் நட்டார். இப்போது மூடி அழகாகத் திறந்தது. தூண் குறுக்கே நின்றதால், உள்ளே கைகூட நுழையவில்லை.

வாசக்காலுக்குச் செய்வதுபோல அந்தத் தூணுக்கு மஞ்சள், குங்குமம் வைத்து மாவிலையும் கட்டிவிட்டார் ஆசாரி. அகிலா சூடம் காட்டினாள்.

"மனசு விடாதீங்க, அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்," என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

அந்த ஆறுதலில்தான் சிவபாலனுக்கு ரோஷம் வந்தது. ஆசாரிக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை தானே உளியை எடுத்தார். சேலையில் ஓர் இழை பிசகினால் தூக்கம் வராத மனிதர் அல்லவா? தூணைப் பிடுங்கினார். புதுக் குறுக்குக் கட்டை பொருத்தினார். சுற்றிலும் விளிம்பு வைத்து, ஓட்டையைக் கவிழ்த்து மூடுகிற மாதிரி புதிதாக ஒரு மூடி செய்தார். கீலைத் தெற்கு, வடக்கு பார்க்காமல் எதிர்ப்பக்கம் அடித்தார். அளவை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூடி டக்கென்று உட்கார்ந்தது. மேலே ஒரு வாளி தண்ணீரைக் கொட்டித் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அகிலா! இங்க வந்து பாரு!"

அகிலா வந்தாள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிட்டீங்க," என்றாள் மெல்ல. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். போனை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவபாலன் புதுச் சட்டை போட்டு, தலையில் தொப்பி வைத்து, கேட்டருகில் காத்திருந்தார். படகை ஏற்றிப்போக வேண்டிய யுவன், தன் குட்டியானை வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"சாரி சார். இன்னிக்கு முடியாது. வண்டி பஞ்சர்."

"பஞ்சரா? இப்போ ஓட்டிக்கினு வந்தியேப்பா?"

சிவபாலன் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன.

"எந்த டயர்பா பஞ்சர்?"

யுவன் மாடியை ஒருமுறை பரிதாபமாக அண்ணாந்து பார்த்தான்.

"அத அம்மா சொல்லவே இல்லையே சார்! ஆசாரி மாமாவுக்கு மட்டும் பதினேழு, இருவது, தெக்கு, வடக்குன்னு எல்லாத்தையும் கரெக்டா சொல்லிக் குடுத்தாங்களாம்."