உள்ளறை நாற்காலி

நீங்கள் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த சிரிப்பு சட்டென்று நின்றுபோயிருக்கிறதா? அதுவும் உங்கள் சொந்த வீட்டில்?

அத்தைக்கு ஒரு வாரமாக அதுதான் நடக்கிறது.

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடு அது. அப்பா அம்மா வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போவார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் அத்தை, அவள் புருஷன் மாமா. மாமாவுக்கு இரவு வேலை. காலையில் வந்து படுத்து, மதியம் எழுந்து, உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருப்பார். எப்போதும் கடுகடு முகம். பொண்டாட்டியிடம் அவர் பேசுவது மூன்றே வார்த்தை: "ம்", "சாப்பாடு", "சாவி".

அந்த முகத்தை நம்பித்தான் அத்தை மோசம் போனாள்.

குண்டூசி என்ற பையன், அவளை நேராகப் பார்த்துக்கொண்டே, வாத்து என்ற சிறுமியின் கையைக் கடித்தான்.

"வேணும்னே கடிக்கிறியா? போ, மாமா ரூம்ல போய் நாற்காலியில உட்காரு! அப்பதான் நீ அடங்குவே!"

அழுதுகொண்டே போனவன், வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் வாத்து அவனைக் கடித்தாள். கடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளறைக்கு நடந்தாள்.

"ஏய், எங்கடி போற?"

"தண்டனைக்கு, அத்தை."

கடித்தவரும் கடிபட்டவரும் சேர்ந்தே உட்காரட்டும் என்று அத்தை சட்டத்தை மாற்றினாள். அன்றிலிருந்து கடி வாங்கவும் ஆள் கிடைத்தது.

"என்னைக் கடிடா. வலிக்காம கடி."

"நேத்து நீதானே போனே? இன்னைக்கு என் முறை!"

உள்ளே ஒரே சிரிப்பு. அத்தை கதவைத் திறந்தால் கப்சிப். மாமா துண்டை மடிப்பார்.

"என்ன சிரிப்பு இங்க?"

"ம்."

அத்தைக்கு வயிறு எரிந்தது. மூக்கு ஒழுகுற பயலுக்குச் சிரிப்பு, கட்டின பொண்டாட்டிக்கு "ம்"மா? கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் புரியவில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்து புகைந்ததுதான் மிச்சம்.

"என்னங்க, பிள்ளைங்ககிட்ட கொஞ்சம் கண்டிப்பா இருங்க. இப்படியே போனா பெத்தவங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"ம்."

அன்று சாயங்காலம் வாத்தின் அம்மா வந்தாள். மகள் கையில் பல் தடத்தைப் பார்த்தாள்.

"யாருடி கடிச்சது?"

வாத்து பெருமையாகச் சொன்னாள்: "மாமாதான். தினமும் எங்களைக் கடிப்பாரு. நாளைக்கு இன்னும் பெருசா கடிக்கிறேன்னிருக்காரு!"

அவள் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா! என்ன இது?"

அத்தை உள்ளறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "என்னங்க! வெளிய வாங்க! பிள்ளைங்களைக் கடிக்கிறீங்களாமே!"

மாமா கையில் ஒற்றைக் காலுறையோடு வந்து நின்றார். காது சிவந்திருந்தது.

"கைய கடிச்சது குண்டூசி. நான் கடிச்சது... கடி ஜோக்குங்க."

"என்னது?"

"நாற்காலிக்கு நாலு கால் இருந்தும் ஏன் ஓடலைன்னு கேட்டேன். நீ மேல உட்கார்ந்திருக்கியேன்னு சொன்னேன். அப்புறம், பல்லி ஏன் சுவத்தை விட்டு இறங்கலை? இறங்கினா பல் தேய்க்கச் சொல்லுவாங்களேன்னு."

வாத்தின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை. தோள்பை நழுவி விழும்வரை சிரித்தாள்.

"அண்ணே, ஆபீஸ்ல செத்துப்போய் வந்தேன். இன்னொண்ணு சொல்லுங்கண்ணே!"

அவரும் சொன்னார்! வாசலில் நின்று, இன்னொருத்தியிடம், கேட்டவுடனே!

அத்தை பொறுக்க முடியாமல் கேட்டாள்: "இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒண்ணாவது சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னேனே. கல்யாணம் ஆன புதுசுல ஒண்ணு. 'கடிக்காதீங்க'ன்னே. விட்டுட்டேன்."

மாமா காலுறைக்கு ஜோடி தேடி உள்ளே போய்விட்டார். வாத்தின் அம்மா செருப்பைத் தேடினாள். அத்தை அப்படியே நின்றாள். கண் கலங்கிவிட்டது.

வாத்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதீங்க அத்தை. சும்மா கேட்டா எப்படி? யாரையாவது கடிச்சாத்தான் உள்ள போகலாம். நீங்கதானே சொன்னீங்க?"

மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே, வேலை முடிந்து வந்த மாமாவின் கையில் பெரியதாக ஒரு பல் தடம் இருந்தது. அத்தை உள்ளறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.